விடுமுறை முடிந்து சிறப்புக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி: ஒரு தையல்காரர் சொல்வது

மே மாதம் பாதி தாண்டிவிட்டால் அருப்புக்கோட்டையில் என் தையல் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. சீருடை சீசன். அளவு கொடுக்க வருகிற பெற்றோரில் சிலர் மட்டும் மற்றவர்கள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். என் மகளுக்கு ஆட்டிசம் என்பது தெருவுக்கே தெரியும். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். "அண்ணே, லீவுல வீட்டிலேயே இருந்து பழகிட்டான். இனிமே பள்ளிக்கூடத்துல உட்காருவானா?" என்று ஆரம்பிப்பார்கள். பாத்ரூம் எப்படிப் போவான், யாராவது அடித்தால் வந்து சொல்லத் தெரியாதே, புது டீச்சர் எப்படிப்பட்டவரோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆளுக்கு ஆள் சொல்வதை மொத்தமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பாப்பா இந்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு. நகராட்சிப் பள்ளி. சில வார்த்தைகள் பேசுவாள், மீதியை நம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். மனைவிக்கு மில்லில் காலை ஷிப்ட் என்பதால் கிளப்பி அனுப்புவது என் பொறுப்பு. நான் டாக்டரும் இல்லை, சிறப்புப் பயிற்றுநரும் இல்லை. எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். "பயமா இருக்கு டீச்சர்" என்று போய் நின்றால் அந்தப் பயம் அவருக்கும் தொற்றிக்கொள்கிறது. அதையே ஒரு வேலையாக மாற்றி, இதை யார் செய்வார்கள், எப்போது செய்வார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

தேதியை முன்கூட்டியே சொல்லாதீர்கள்

நம் ஊரில் பள்ளி திறக்கும் தேதி வெயிலைப் பொறுத்தது. 2023இல் ஜூன் 7 என்று அறிவித்து, பிறகு 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஜூன் 14 ஆனது. 2024இல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. மற்ற பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஒரு தேதியை மனதில் பதித்துக்கொண்ட பிள்ளைக்கு அது பெரிய ஏமாற்றம், அந்த நாள் முழுக்க வீடு ரெண்டுபடும். அதனால் மே மாதத்திலேயே "இன்னும் இத்தனை நாள்" என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். தேதி உறுதியான பிறகு, ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினால் போதும். தினசரி கிழிக்கிற காலண்டரில் அந்தத் தாளின் மேல் பள்ளிக்கூடத்தின் போட்டோவை ஒட்டிவிடுங்கள். தினமும் காலையில் பிள்ளையே தாளைக் கிழிக்கட்டும். தேதி தள்ளிப்போனால் போட்டோவை எடுத்துப் புதுத் தாளில் ஒட்டுவதையும் பிள்ளையின் கையாலேயே செய்யவைத்தால் கலவரம் குறையும்.

தேதியைச் சொல்லாவிட்டாலும் தூக்கத்தை மட்டும் முன்கூட்டியே மாற்றத் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்பிருந்து, ரெண்டு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் சரி, காலை எழுப்புவதில் மாற்றம் வேண்டாம். இரவுத் தூக்கம் தானாகப் பின்னால் வரும்.

உடுப்பு

இது என் தொழில், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

காலையில் கிளம்பும்போது நடக்கிற அழுகையில் பாதி பள்ளிக்கூடத்தால் வருவது அல்ல, உடுப்பால் வருவது. ரெண்டு மாதமாகப் பழைய பனியனோடு திரிந்த உடம்பில் திடீரென்று புதுச் சீருடை ஏறுகிறது. புதுத் துணியில் கஞ்சி விறைப்பு இருக்கும். தைத்து வந்ததும் அப்படியே மடித்து வைக்காமல் மூன்று நான்கு தடவை துவைத்துக் காயப்போடுங்கள். அயர்ன் பண்ண வேண்டாம். பழைய சீருடை இன்னும் பொருந்துமானால் முதல் வாரத்துக்கு அதுவே போதும். நிறம் மங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கழுத்துப் பட்டையில் இருக்கிற லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். வெட்டிய முனை முன்பைவிட அதிகமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுக்க வேண்டும். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் டெய்லரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். காலருக்குள் கேன்வாஸ் வைக்க வேண்டாம், துணியை மட்டும் இரட்டையாக மடித்தால் போதும். உள்பக்கம் ஓவர்லாக் போட்ட விளிம்பு தோலில் உரசும், குறிப்பாக அக்குளிலும் இடுப்பிலும். அந்த இடங்களில் பழைய வேட்டித் துணியைப் பட்டையாக வெட்டி மூடித் தைக்கச் சொல்லுங்கள். இடுப்பில் கொக்கியும் பட்டனும் வேண்டாம், எலாஸ்டிக் போதும். மூன்றாவதுதான் மிக முக்கியம். பிள்ளை கழிப்பறையில் தானே இறக்கி, தானே ஏற்றிக்கொள்ள முடிந்தால் அடுத்தவர் கை படவேண்டிய அவசியமே பாதி போய்விடும்.

வெல்க்ரோ நல்ல யோசனை என்று சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அதைப் பிரிக்கிற 'சர்ர்' சத்தமே ஆகாது. என் மகளுக்கும் ஆகாது. அவளுக்கு டிச் பட்டன்தான் சரிப்பட்டது. அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் உறுத்தினால் அட்டையைச் சட்டைப் பையோடு சேர்த்து நாலு தையல் போட்டுவிடலாம். புதுச் செருப்பை, ஷூவை மாலை நேரங்களில் வீட்டுக்குள் போட்டு நடக்கவிட்டுப் பழக்குங்கள்.

பள்ளியை ஒருமுறை வெறுமையாகப் பார்த்துவிட்டு வாருங்கள்

திறப்பதற்கு முன்னால் சில நாள் வகுப்பறை பெருக்குவது, பாடப்புத்தகம் இறக்குவது என்று பள்ளி பாதி திறந்திருக்கும். ஹெச்.எம். அங்கேதான் இருப்பார். முதல் நாள் இரைச்சலில் பிள்ளைக்கு எதையும் காட்ட முடியாது, இந்த நாட்களில் முடியும். போன் செய்து கேட்டுவிட்டு, மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வகுப்பு எந்த அறை, எந்த மாடி என்று முதலில் பாருங்கள். பிள்ளை உட்காரப் போகிற இடத்தை அன்றைக்கே பேசி முடிவு செய்வது நல்லது. ஜன்னலையும் வாசலையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக, ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில். அப்புறம் கழிப்பறை. வெறுமனே காட்டிவிட்டு வந்துவிடாமல், உள்ளே போய், தண்ணீர் பிடித்து, ஊற்றி, வெளியே வரும்வரை முழுதாகச் செய்யவையுங்கள். வீட்டில் உட்காரும் கழிப்பறையும் பள்ளியில் குந்தும் கழிப்பறையும் இருந்தால் அந்தப் பழக்கத்தை வேறு எங்காவது முன்னாலேயே ஏற்படுத்த வேண்டும். தாழ்ப்பாள் உள்ளே இறுகிக்கொள்ளுமா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பேசாத பிள்ளைக்குக் கழிப்பறைப் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று இடுப்பில் தொங்கட்டும். ஆனால் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோகும். இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், கூட்டம் வருவதற்குள் அனுப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். யார் கூட்டிப்போவார்கள் என்பதை ஆள் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். "யாராவது பார்த்துக்குவாங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால் ஒரு பெண்தான் போக வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

மருத்துவ அறிக்கைகளை ஒரு ஃபைல் நிறையக் கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை அவர் எப்போது படிப்பார்? ஒரே ஒரு தாள், பெரிய எழுத்து, லேமினேஷன். பாப்பாவுக்கு நாங்கள் கொடுப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"பாப்பா பேசுவது குறைவு. நாம் பேசுவது அவளுக்குப் புரியும். அவள் காதுபட அவளைப் பற்றிப் பேச வேண்டாம்.
ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். உடனே திரும்பக் கேட்டால் முதலில் இருந்து யோசிப்பாள்.
காதைப் பொத்திக்கொண்டால் அடம் அல்ல, சத்தம் தாங்கவில்லை. வராந்தாவில் ஐந்து நிமிடம் உட்காரவிட்டால் தானே வருவாள்.
கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். முன்னால் நின்று கையை நீட்டினால் பிடித்துக்கொள்வாள்.
கையைக் கடிக்கிறாள் என்றால் பசி, கழிப்பறை, தலைவலி இந்த மூன்றில் ஒன்று. அந்த வரிசையில் பாருங்கள்.
நிறம் பிரித்து அடுக்குவதில் கெட்டிக்காரி. நோட்டு அடுக்க, சாக்பீஸ் எடுத்துவைக்கச் சொல்லலாம்.
வெளி கேட் திறந்திருந்தால் போய்விடுவாள்."

கடைசியில் அப்பா, அம்மா போன் நம்பர், கடை எத்தனை நிமிடத் தொலைவு. வலிப்பு வருகிற பிள்ளை என்றால் அது முதல் வரியில் சிவப்பில் இருக்க வேண்டும்: வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அந்த நோட்டு அடுக்குகிற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையால் முடியாததையே எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் கண்ணில் அவள் ஒரு சுமையாகத்தான் நுழைவாள். அவளிடம் வாங்கக்கூடிய ஒரு வேலையையும் சொல்லிவிட்டால், அந்த வேலையைச் சாக்காக வைத்தே அவள் வகுப்புக்குள் ஒரு ஆள் ஆகிவிடுகிறாள். தாளின் ஒரு பிரதி ஹெச்.எம்.மிடம், ஒன்று வகுப்பு ஆசிரியரிடம், ஒன்று சத்துணவுக் கூடத்து அக்காவிடம். அந்த அக்காதான் நாள் முழுக்கப் பள்ளி வளாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அவரை மறந்துவிடாதீர்கள்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பது சில பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருகிறவர்கள். ஒருவருக்கே பல பள்ளிகள் இருக்கும் என்பதால் நம் பள்ளிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அந்த நாளில் பிள்ளை லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் நாம் சொல்லத் தயங்குவதை அவர் சொன்னால் சுலபமாக ஏறும்.

சத்தமும் சோறும்

காலை வழிபாட்டில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர் எதிரில் முதல் வரிசையில் நிற்கவைத்தால் தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் பிள்ளை ஓடிவிடும். கடைசி வரிசை அல்லது வராந்தா ஓரம் கேளுங்கள். மணிச் சத்தத்தையும் வழிபாட்டையும் செல்போனில் பதிந்து, விடுமுறைக் கடைசியில் வீட்டில் மெதுவாகப் போட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிப் பழக்கலாம். காதை மூடும் ஹெட்போன் வேண்டுமென்றால் விலை கூடியதைத் தேடி அலைய வேண்டாம். டிரில்லிங் வேலைக்காரர்கள் போடுகிற காது மூடி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வரும். குழைவாக, காய் கலந்து இருப்பதைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே ஒரு இட்லி சாப்பிடவைத்து அனுப்பிவிட்டு, அங்கே மற்றவர்களோடு தட்டோடு உட்கார மட்டும் விடச் சொல்லுங்கள். சாப்பிட வற்புறுத்த வேண்டாம் என்பதைத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். மதியத்தில் முட்டை வாசனை ஆகாத பிள்ளை என்றால் கூடத்தின் ஓரத்தில் இடம் கேளுங்கள்.

மற்ற பிள்ளைகள்

பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், எனக்கென்னவோ இதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் சிரமம் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் நேராகக் கேட்டுவிடுவார்கள். "ஏன் மாமா பாப்பா பேச மாட்டேங்குது?" என்றால், "அவளுக்குப் பேச்சு வர நேரமாகும்டா. படத்தைக் காட்டு, புரிஞ்சுக்குவா" என்று சொல்லிவிடுவேன். அதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்தது. கூட இருக்க ஒரு பிள்ளையை மட்டும் நியமிக்காமல் ரெண்டு மூன்று பேரை மாற்றி மாற்றி விடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரே பிள்ளை என்றால் சீக்கிரம் சலித்துப்போகும், அதன் அம்மாவும் கேள்வி கேட்பார். யாராவது 'பைத்தியம்' என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையை வழிமறித்துத் திட்ட வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் வகுப்பில் பேசட்டும்.

"சிறப்புப் பள்ளியில சேருங்க" என்றால்

சிறப்புப் பள்ளி நல்லதா சாதாரணப் பள்ளி நல்லதா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் முடிவு உங்களுடையது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நடத்துகிற, நிதி தருகிற, அங்கீகரித்த பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க வழி வைத்திருக்கிறது. அது நாம் கேட்டுப் பெறுவதற்கு. பள்ளி நம்மை வீட்டுக்கு அனுப்புவதற்கு அல்ல.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளே மேசையில் போடாதீர்கள். வருஷம் முழுக்க அதே ஆசிரியரிடம்தான் பிள்ளையை விட்டுவிட்டு வரப் போகிறோம். முதலில் பேச்சு, பிறகு தேதி போட்ட கடிதம், அதன் நகல் நம் கையில். அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மாற்றுத்திறனாளிச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இன்னும் எடுக்கவில்லை என்றால் பள்ளி திறக்கும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று எதைக் கேட்டாலும் சான்றிதழ்தான் முதலில் கேட்பார்கள்.

முதல் வாரம்

முழு நாள் தாங்காது என்று தோன்றினால் முதலில் இடைவேளை வரை, பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள் என்று போகலாம். ஹெச்.எம்.மிடம் முன்பே பேசி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவு எப்படிப் போடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் பேச்சு வரக் கூடாது.

கேட்டில் அழுதால் சீக்கிரம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது பிள்ளைக்குச் செய்கிற கெடுதல். வீட்டில் பாட்டி இருந்தால் "பாவம் புள்ள, அடுத்த வாரம் போகட்டுமே" என்பார். அடுத்த வாரம் போனால் மற்றவர்கள் எல்லாம் பழகியிருப்பார்கள், இவள் ஒருத்தி மட்டும் புதிது.

சாயங்காலம் "இன்னைக்கு என்ன பண்ணுன?" என்று பேசாத பிள்ளையைக் கேட்டுத் துளைக்க வேண்டாம். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், உள்ளாடை இந்த மூன்றும் பதில் சொல்லும். தண்ணீர் அப்படியே இருந்தால் கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமல் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் ஒரு சின்ன நோட்டு கொடுத்து, சாப்பிட்டாள், கழிப்பறை போனாள், அழுதாள் என்று மூன்றே கட்டத்தில் டிக் போடச் சொல்லுங்கள். நாலாவது கட்டம் சேர்த்தால் ஒன்றும் வராது.

பள்ளியில் சமத்தாக இருந்துவிட்டு வீட்டு வாசலை மிதித்ததும் கத்திப் புரள்கிற பிள்ளைகள் நிறைய. நாள் முழுக்க அடக்கி வைத்தது அங்கே கொட்டுகிறது. டியூஷன், ஸ்பீச் தெரபி எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். என் மகள் கடையில் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் பிரிப்பாள். ஆனால் உடம்பில் காயம், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டால் மட்டும் மிரள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் பழகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போய்க் கேட்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும், இதே வேலை சின்ன அளவில் திரும்ப வரும். லேமினேட் செய்த தாளை அப்போது ஒருமுறை படித்துப் பார்த்து மாறியதை மாற்றுங்கள். அதற்கு அடுத்துத்தான் மழை விடுமுறை. அதைக் காலையில் டிவியில் சொல்லும்போது பிள்ளை சீருடையோடு வாசலில் நிற்கும். வாதாட வேண்டாம். குடையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை கூட்டிப்போய்ப் பூட்டைக் காட்டிவிட்டு வந்து, உடுப்பை மாற்றிவிடுங்கள்.